கிழிஞ்ச குவில்ட்: ஒரு தையல்கூடப் பிரிக்காம சரி பண்ணலாம்

[காட்சி: மேசையில் விரித்த குவில்ட். நடுவே உள்ளங்கை நீளத்துக்குக் கிழிசல்.]

இதான் குவில்ட், துணித்துண்டுகளை ஒட்டுச் சேர்த்து, உள்ளே பஞ்சு வெச்சுத் தைச்ச போர்வை. ஓட்டை வழியா பஞ்சு எட்டிப் பாக்குது, தெரியுதா? வாஷிங் மெஷின்ல போட்ட வினை. பதறிப்போய்த் தையலைப் பிரிக்க ஆரம்பிச்சிடாதீங்க. முதல்ல இதை எப்படித் தைச்சேன்னு சொல்லிடறேன், ஒட்டுப் போடற வழி அதுலயே இருக்கு.

[காட்சி: சுருட்டி வைத்த வண்ணத் துணிப்பட்டிகள்.]

இதுக்குப் பேரு ஜெல்லி ரோல். தின்ற சமாச்சாரம் இல்லைங்க! 2½ அங்குல அகலப் பட்டிகள், ஒரு சுருள்ல 40 சொச்சம் இருக்கும். 40 பட்டியையும் தலைக்கு வால் சேர்த்துத் தைச்சா சுமார் 1,600 அங்குல நீளத்துக்கு ஒரே நாடா, அதாவது 40 மீட்டர். தொடக்கத்துல 18 அங்குலம் வெட்டி எடுத்துடுங்க. இல்லேன்னா மடிக்கும்போது இணைப்பெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து நிக்கும்.

இப்ப நாடாவைப் பாதியா மடிச்சு, நீளவாக்குல தைச்சு, மடிப்பை வெட்டுங்க. ரெண்டு வரிசை ஆச்சு. திரும்ப மடிச்சா நாலு, அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. அஞ்சே சுற்று. அந்த முதல் சுற்றுதான் 20 மீட்டர், முடியறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிரும்!

ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போக, பட்டி 2 அங்குலமாத் தெரியும். 32 வரிசை, 64 அங்குலம். அகலம் சுமார் 50. மேல்துணி தயார். அடியில பஞ்சு விரிப்பு, அதுக்கடியில ஒரு துணி, மூணையும் சேர்த்துத் தைச்சா குவில்ட்.

[காட்சி: கிழிசல், மிக அருகில்.]

ஒட்டுக்கு வர்றேன். மிச்சம் வெச்ச அதே 2½ அங்குலப் பட்டியை எடுங்க. ரெண்டு ஓரத்தையும் கால் அங்குலம் உள்ளே மடிச்சு இஸ்திரி போட்டா 2 அங்குலம், பழைய பட்டியை அப்படியே மூடிடும். ரெண்டு முனையையும் மடிச்சுக்கோங்க. முன்னாடியே ஒரு தடவை அலசிடணும், சாயம் போனா பக்கத்துத் துணியும் கெடும்.

பிதுங்கின பஞ்சைத் திணிக்காம, தட்டையா நீவி விடுங்க. பட்டியை மேல வெச்சு, மடிப்புக்குள்ள ஊசியை ஓட்டி ஓட்டி, நூல் வெளியே தெரியாம சுத்தித் தைங்க. இங்க பாருங்க, ஊசி மடிப்போட விளிம்பை மட்டும்தான் கவ்வுது. கடைசியா, பழைய தையல் போன கோட்டு மேலயே மூணு அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடணும். இதை விட்டா ஒட்டு உப்பிக்கிட்டு நிக்கும்.

[காட்சி: பழங்காலக் குவில்ட்டின் படம், பழுப்புத் துண்டுகள் மட்டும் நைந்திருக்கின்றன.]

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குவில்ட்டுகள்ல பழுப்புத் துணிதான் பெரும்பாலும் முதல்ல பொடிஞ்சு போகும். சாயம் பிடிக்கறதுக்குச் சேர்த்த இரும்பு உப்பு பருத்தி நூலையே அரிச்சிடுது. அது மேல புதுத்துணி வெச்சு இழுத்துத் தைச்சா மிச்சமும் கிழியும். மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, உறுதியான துணி இருக்கிற ஓரத்துல மட்டும் தையல் போடுங்க. அந்த மாதிரிக் குவில்ட்டை மட்டும் மெஷின் பக்கமே கொண்டு போகாதீங்க.