பாட்டி எதை விட்டுட்டாங்கன்னு பாருங்க

வணக்கம். ரேடியோவ ஆன் பண்ணி வச்சிட்டு வேலையப் பாத்துட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பாட்டிக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. நான் பிசியோதெரபிஸ்ட், வயசானவங்க வீட்டுக்கே போய் எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்கிறது தான் வேலை, அதனால பேரப்பிள்ளைங்க வாங்கிக் கொடுத்ததுல எது தினமும் கையில இருக்கு, எது பீரோக்குள்ள அட்டைப்பெட்டியோட தூங்குதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். தூங்குறது தாங்க ஜாஸ்தி.

ஏன் அப்படி ஆகுதுன்னா, நாம நேரா போய் "பாட்டி உங்களுக்கு என்ன வேணும்"னு கேக்குறோம். என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும், "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம், நீ வந்து மூஞ்சியக் காட்டினா போதும்". சரின்னு கேள்விய மாத்தி "எது கஷ்டமா இருக்கு"ன்னு கேட்டா "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்"னு சொல்லுவாங்க, அதுவும் பொய் இல்ல, முடியாததை எல்லாம் ஒண்ணொண்ணா விட்டுட்டு மிச்சம் இருக்கிறதோட நிஜமாவே நல்லாத்தான் இருக்காங்க. அதனால ஒரு நாள் முழுக்க பக்கத்துல உக்காந்து, முன்னாடி செஞ்சிட்டு இருந்ததுல இப்ப எதை சத்தமில்லாம விட்டுட்டாங்கன்னு கவனிங்க. வாங்க வேண்டிய பொருள் அதுல தான் இருக்கு.

ஒரு வீட்டுல ஒரு அம்மா, எண்பது தாண்டினவங்க, காலையில பேப்பரும் கையுமா ஜன்னல் ஓரத்துல உக்காருவாங்க. வெயில் நகர நகர சேரையும் நகர்த்திப்பாங்க. சாயங்காலம் ஆனா பேப்பர மடிச்சு வச்சிடுவாங்க, "அவ்ளோதான் இன்னைக்கு"ன்னு. வீட்டுல எல்லாரும் என்ன நெனச்சாங்க? அவங்களுக்கு படிக்கிறதுல இன்ட்ரஸ்ட் போயிடுச்சுன்னு. அப்படி இல்லைங்க. வயசாக ஆக கண்ணோட பாப்பா சுருங்கிடும், உள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாயிடும், அறுபது வயசுக்காரங்க விழித்திரைக்கு இருபது வயசுல போன வெளிச்சத்துல சுமார் மூணுல ஒரு பங்கு தான் போய்ச் சேரும். நமக்கு பளிச்சுனு தெரியிற ரூம் அவங்களுக்கு பொழுது சாஞ்ச மாதிரி இருக்கும். கண்ணாடி பவர மாத்தினா மட்டும் இது சரியாகாது, வெளிச்சம் வேணும்.

அந்த மாதிரி இருந்தா கழுத்து வளைக்கக்கூடிய ஒரு டேபிள் லேம்ப் வாங்குங்க. கூரையில பெரிய பல்பா மாட்டுறத விட இது நல்லது, ஏன்னா வெளிச்சத்த பாதி தூரத்துக்குக் கிட்ட கொண்டு வந்தா நாலு மடங்கு கிடைக்கும். பல்பு கண்ல அடிக்கக் கூடாது, ஷேடு கண்ணுக்குக் கீழ இருக்கணும், லைட்டு தாள் மேல விழணும். ஸ்விட்ச் எங்க இருக்குன்னு பாருங்க, ஒயர் நடுவுல குட்டியா இருந்து அது கட்டிலுக்கு அடியில போயிட்டா அந்த லேம்ப்ப அவங்க போடவே மாட்டாங்க. ஒயர் நடக்கிற வழியில கிடக்கவும் கூடாது, தடுக்கி விழுந்தா கதையே வேற. விழுந்து சாகுறது சின்ன விஷயம் இல்லைங்க, உலகம் முழுக்க தற்செயலான காயங்களால வர்ற சாவுல ரோடு ஆக்சிடென்ட்டுக்கு அடுத்த இடத்துல இதைத் தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுலயும் அறுபது தாண்டினவங்க தான் அதிகம்.

இதே காரணத்துக்காக அழகா இருக்குன்னு மிதியடி விரிப்பு, பஞ்சு மாதிரி மெத்துமெத்துனு ஸ்லிப்பர் இதெல்லாம் வாங்காதீங்க. குதிகால் பக்கம் பிடிப்பில்லாம தொளதொளன்னு இருக்கிற செருப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அடிப்பாகம் மெல்லிசா, கெட்டியா இருந்தா தான் கால் தரைய உணரும், பேலன்ஸ் கிடைக்கும். வயசானா பாதம் அகலமும் ஆகும், பழைய சைஸ நம்பாதீங்க, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரமா அளவு எடுங்க.

அடுத்து காது. டிவி சத்தம் தெரு வரைக்கும் கேக்குதுன்னு வீட்டுல சண்டை, ஒரு கட்டத்துல பாட்டி டிவி பாக்குறதயே விட்டுடுவாங்க, "எல்லாம் ஒரே கூச்சல்"னுவாங்க. வயசானா முதல்ல குறையிறது கீச்சு சத்தம் கேக்குற சக்தி, அதனால பேசுறாங்கன்னு தெரியும், என்ன பேசுறாங்கன்னு புரியாது. குழந்தைங்க பேசுறது தான் இன்னும் கஷ்டம், அதான் பேத்தி போன்ல பேசினா எல்லாத்துக்கும் "ம்ம் ம்ம்"னு சொல்லிட்டு போன உங்ககிட்ட கொடுத்துடுவாங்க. வால்யூம் கூட்டினா கூச்சல் தான் கூடும், வார்த்தை தெளியாது. டிவியோட ஸ்பீக்கர் பெரும்பாலும் பின்பக்கமோ அடியிலயோ இருக்கு, அதனால டிவியோட சேர்ற சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி அவங்க சேர் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஆனா உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்னு லேட்டா வருதான்னு கடையிலயே செக் பண்ணிக்கோங்க. காது மெஷின் மட்டும் சர்ப்ரைஸா வாங்காதீங்க. அது டெஸ்ட் எடுத்து அவங்கவங்க காதுக்கு செட் பண்ண வேண்டியது, பழகவே வாரக்கணக்கா ஆகும். கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுத்து பழகுற வரைக்கும் கூட இருக்கேன்னு சொல்றீங்களா, அது பெரிய கிஃப்ட்.

ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். "பாட்டிக்கு போன் வரல"ன்னு சிரிக்கிறோம்ல, பாட்டி விரல கொஞ்சம் கிட்ட வச்சுப் பாருங்க. தோல் காய்ஞ்சிருக்கும், சில நேரம் ஸ்கிரீன் தொட்டதையே எடுத்துக்காது, அதனால அவங்க அழுத்தி நிதானமா தொடுவாங்க, போன் அத லாங் பிரஸ்னு எடுத்துக்கிட்டு வேற ஏதோ மெனுவத் திறந்துடும், பயந்து போய் வச்சிடுவாங்க. தப்பு அவங்க மேல இல்ல. செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டிக்குள்ள போனா எவ்ளோ நேரம் தொட்டா லாங் பிரஸ்னு எடுத்துக்கணும்கிறத பெரும்பாலான போன்ல மாத்தலாம், அத நீளமா வைங்க, எழுத்தப் பெருசாக்குங்க, முதல் பக்கத்துல அவங்க பேசுற நாலு பேர் போட்டோவத் தவிர மத்த எல்லாத்தையும் எடுத்துடுங்க. இவ்ளோவும் செஞ்சு முடிச்சு தான் கையில கொடுக்கணும், டப்பாவோட கொடுத்தா அது கிஃப்ட் இல்ல, வீட்டுப்பாடம்.

வாக்கிங் ஸ்டிக் ஒரு தனி விவகாரம். திடீர்னு கொண்டு போய் நீட்டினா "என்ன, கிழவி ஆயிட்டேன்னு சொல்றியா"ன்னு மூஞ்சி மாறிடும். சாயங்காலம் ஒரு நடை போறத விட்டுட்டாங்கன்னா, முதல்ல ஏன்னு தெரிஞ்சுக்கோங்க, அவங்களே ஒத்துக்கிட்டா கூட்டிட்டுப் போய் கலர் கூட அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். உயரம் பாக்கிறது ஈசி, செருப்பு போட்டு நேரா நின்னு கைய தொங்க விட்டா மணிக்கட்டுல ஒரு மடிப்பு இருக்கும் பாருங்க, ஸ்டிக்கோட கைப்பிடி அந்த உயரத்துக்கு வரணும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கணும், நிறைய பேர் உல்டாவா பிடிக்கிறாங்க. அடியில இருக்கிற ரப்பர் தேய்ஞ்சா வழுக்கும், எக்ஸ்ட்ரா ரப்பர் ரெண்டு வாங்கி வச்சிடுங்க.

சத்து மாத்திரை, மூலிகை டானிக் எல்லாம் வேண்டாம். அவங்க ஏற்கெனவே சாப்பிடுற மருந்தோட எது சேரும் எது சேராதுன்னு உங்களுக்குத் தெரியாது, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு வைட்டமின் கே இருக்கிற மாத்திரை கூட மருந்தோட வேலையக் கெடுத்துடும். ஹீட்டிங் பேடும் அப்படித்தான், சுகர் இருந்து கால்ல உணர்ச்சி கொறஞ்சவங்களுக்கு சுடுறதே தெரியாம கொப்புளம் வந்துடும். டாக்டரக் கேக்காம வாங்காதீங்க, அவ்ளோதான்.

இன்னொரு விஷயம் நிறைய பேர் யோசிக்கிறது இல்ல. பாட்டிங்க வாழ்நாள் பூரா கொடுத்தே பழகினவங்க. வாங்கிக்கிற இடத்துல உக்கார வச்சா அவங்களுக்கு கூச்சமா இருக்கும். பின்னல் போட்டுட்டு இருந்தவங்க விட்டுட்டாங்களா? விரல் மூட்டு வலியா இருக்கும், பிடி தடிமனா இருக்கிற ஊசியும் வெளிர் கலர் நூலும் வாங்கிக் கொடுங்க, அடர் நீலத்தையும் கறுப்பையும் அந்தக் கண்ணுக்குப் பிரிச்சுப் பாக்கிறது கஷ்டம். கொடுக்கும் போதே "பாட்டி எனக்கு ஒண்ணு பின்னித் தாங்க"ன்னு கேட்டுடுங்க. வாங்கின கை மறுபடியும் கொடுக்கிற கையாயிடும்.

போட்டோ ஃப்ரேம் கொடுக்கிறவங்க நம்ம போட்டோவையே மாட்டிக் கொடுக்கிறோம். நம்மள தான் அவங்களுக்குத் தெரியுமே. மனுசனுக்குப் பத்துல இருந்து முப்பது வயசு வரைக்கும் நடந்தது தான் வயசான காலத்துல அதிகமா ஞாபகம் வரும்னு ஞாபக சக்திய ஆராயறவங்க சொல்றாங்க, அந்த வயசு போட்டோ யார் வீட்டுலயாவது மங்கிப் போய் கிடக்கும், சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கி ஸ்கேன் பண்ணி ஒரு பக்கத்துக்கு ஒண்ணுன்னு பெருசா பிரிண்ட் போடுங்க. ஆல்பத்த மடியில வச்சிட்டு "உங்க வாழ்க்கையப் பத்தி சொல்லுங்க"ன்னு பேட்டி எடுக்காதீங்க, "இந்த ஓரத்துல முறைச்சிட்டு நிக்கிறது யாரு"ன்னு கேளுங்க, போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி வைக்கலாமான்னும் கேட்டுக்கோங்க, அப்புறம் நீங்க வாயத் திறக்கவே வேண்டாம்.

ஞாபக மறதி ஆரம்பிச்சிருந்தா, என்ன கிழமை, என்ன தேதி, காலையா சாயங்காலமான்னு பெரிய எழுத்துல காட்டுற கடிகாரம் இருக்கு, அது நல்லது. ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டு திட்டு வாங்குறது கொஞ்சம் குறையும்.

எதை வாங்கினாலும் பில்ல பத்திரமா வைங்க. ஒரு வாரம் கழிச்சு போங்க, பொருள் வெளிய இருக்கா, பீரோக்குள்ள போயிடுச்சான்னு பாருங்க. உள்ள போயிருந்தா கோச்சுக்காம, எங்க இடிக்குது, கனமா இருக்கா, ஸ்விட்ச் எட்டலையா, பிடிக்கலையான்னு விசாரிச்சு மாத்திக் கொடுங்க. பாட்டி வாயத் திறந்து "இது வேண்டாம்பா, எனக்கு அது தான் வேணும்"னு சொன்னா, மறு பேச்சு பேசாம அத வாங்கிட்டு வாங்க. நன்றி, வணக்கம்.