யூதாவின் மண்ணும் மழையும்

அவையோர்க்கு வணக்கம். பழங்கால இஸ்ரவேலரின் குலங்களில் ஒன்றான யூதா கோத்திரத்தின் நிலப்பகுதியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எல்லைகளிலிருந்துதான் தொடங்குவார்கள். விவிலியத்தின் யோசுவா நூலில் 15ஆம் அதிகாரமும் எல்லையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த எல்லைக்கோட்டைக் காட்டிலும், அதே அதிகாரம் ஊர்ப்பட்டியலை வகுத்திருக்கும் முறையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெற்கே வறண்ட நெகேவ், மேற்கே செபேலா என்னும் தாழ்குன்றுகள், நடுவே மலைநாடு, கிழக்கே வனாந்தரம் என்று ஊர்கள் நிலத்தின் இயல்பை ஒட்டியே பிரிக்கப்பட்டிருக்கின்றன. (நெகேவின் ஊர்கள் 29 என்று தொகை சொல்லும் அந்தப் பட்டியலில், எண்ணிப் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, பட்டியல் ஒரே காலத்தில் எழுதப்பட்டதன்று என்று கருத இதுவும் ஒரு காரணம்.)

இந்தப் பிரிவினையை உண்டாக்குவது மழை. மத்தியதரைக் கடலிலிருந்து குளிர்காலத்தில் வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவுகளில் ஏறும்போதே மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிய பின் அதில் ஈரம் மிஞ்சுவதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்திலுள்ள மலைநாட்டு நகரமான எப்ரோனில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்யும்போது, அங்கிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் சவக்கடலோரம் இருக்கும் எங்கேதி 100 மில்லிமீட்டரைக்கூடக் காண்பதில்லை. தெற்கே பெயெர்செபாவில் 200 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. வாற்கோதுமை சில ஆண்டு விளையும், சில ஆண்டு பொய்க்கும்.

அதனால்தான் யூதா கோத்திரத் தலைவன் காலேபின் மகள் அக்சாளின் கதை அந்த அதிகாரத்தில் இடம்பெற்றிருப்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை. வறண்ட நிலத்தைக் கொடுத்த தகப்பனிடம் அவள் நீரூற்றுகளையும் கேட்கிறாள்; மேலூற்று, கீழூற்று இரண்டையும் பெறுகிறாள். தெபீரை அடுத்த அந்தத் தென்மலைப் பகுதியில் ஊற்று இல்லாத நிலம் பாதிச் சொத்துதான் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

மலைநாட்டின் செம்மண் வளமானது, ஆனால் மெல்லிய படிவு. சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காகத் தேய்ந்து இயற்கையாகவே படிகளை உண்டாக்கியிருந்த இடங்களில், சாந்தில்லாமல் கல்லடுக்கிச் சுவரெழுப்பி மண்ணை நிறுத்தினார்கள். அந்தப் படிகளில் திராட்சை, ஒலிவம், அத்தி; பள்ளத்தாக்கின் அடியில் தானியம். மழையில்லாக் கோடைக்காகப் பாறையைக் குடைந்து சாந்து பூசிய தொட்டிகள். யாக்கோபு தம் மகனும் இக்கோத்திரத்தின் மூதாதையுமான யூதாவுக்குச் சொன்ன ஆசியில் கழுதையைத் திராட்சைக்கொடியில் கட்டுவதும் ஆடையைத் திராட்சரசத்தில் தோய்ப்பதும் வருவது, இந்த மலைகளைப் பார்த்தவருக்கு வியப்பாக இராது.

கிழக்குச் சரிவு மேய்ச்சலுக்கே உரியது. எப்ரோனுக்குத் தெற்கே அதன் விளிம்பிலுள்ள மாகோனில் வாழ்ந்த நாபாலுக்கு மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் இருந்தன என்று சாமுவேல் நூல் சொல்கிறது. உழவும் மேய்ச்சலும் தனித்தனி மக்களின் தொழில்கள் என்று நாம் எளிதாகக் கருதிவிடுகிறோம். தீர்க்கதரிசி ஆமோசைப் பாருங்கள். அவர் ஊர் தெக்கோவா, வனாந்தரத்தின் விளிம்பில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருப்பது. தம்மை மந்தை மேய்ப்பவர், காட்டத்திப் பழத்தைப் பக்குவம் பார்ப்பவர் என்று சொல்லிக்கொள்கிறார். குளிர் தாங்காத காட்டத்தி அந்த உயரத்தில் வளராது. அது செபேலாவின் மரம். தாவீதின் ஆட்சியில் அங்கிருந்த ஒலிவ மரங்களுக்கும் காட்டத்தி மரங்களுக்கும் தனி அதிகாரியே இருந்தார் என நாளாகமம் குறிப்பிடுகிறது. ஆகவே ஆமோஸ் பருவந்தோறும் முகட்டைத் தாண்டித் தாழ்குன்றுகளுக்கோ தாழ்வெளிகளுக்கோ இறங்கியிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

இப்படி ஒன்றையொன்று தாங்கி நின்ற நிலங்களில் செபேலாவே செழிப்பானது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் செபேலாவின் லாகீசு நகரை அழித்தான். அரணான 46 நகரங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் அரசன் எசேக்கியாவின் நிலத்தை வெட்டியெடுத்து அண்டையிலிருந்த பெலிஸ்திய நகரங்களான அஸ்தோத், எக்ரோன், காசா ஆகியவற்றின் அரசர்களுக்குக் கொடுத்ததாகவும் அவன் கல்வெட்டு பெருமை பேசுகிறது. யூதாவின் தானியக் களஞ்சியத்தில் பெரும்பகுதி போயிற்று. அடுத்த நூற்றாண்டில் எக்ரோனில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய்ச் செக்குகள் இயங்கியதை அகழாய்வு காட்டியிருக்கிறது. அதே நூற்றாண்டில் யூதாவின் குடியிருப்புகள் வறண்ட பக்கமாகப் பெருகுகின்றன: எங்கேதியில் ஊற்றை நம்பி ஓர் ஊர் எழுகிறது, நெகேவில் கோட்டைகளும் ஊர்களும் கூடுகின்றன. நல்ல நிலம் கைநழுவிய பின், முன்பு மேய்ச்சலுக்கு விட்டிருந்த நிலத்தில் குடியேறினார்கள் என்றே இதை நான் படிக்கிறேன்; அசீரியரின் நிழலில் தெற்கே நடந்த அரேபிய வணிகமும் ஒரு காரணம் என்பாரை மறுக்கவில்லை.

ஆனால் அந்த எல்லைப்புறம் தன் உணவைத் தானே முழுதும் விளைவித்துக்கொண்டதா என்பது வேறு கேள்வி. கி.மு. 600ஐ ஒட்டி நெகேவிலுள்ள ஆராத் கோட்டையில் எலியாசீப் என்னும் அதிகாரிக்குப் பானையோடுகளில் மையால் எழுதி வந்த ஆணைகள் கிடைத்திருக்கின்றன. கித்தீம் எனப்படும் கூலிப்படையினருக்கு இத்தனை அளவு திராட்சரசம், இத்தனை மாவு, சிலவேளை எண்ணெய் கொடு என்பவை அவை. ஆராத்தைச் சுற்றித் திராட்சைக்குப் போதிய மழை இல்லை. அந்த ரசம் எப்ரோன் பக்கத்து மலைப்படிகளிலிருந்து கழுதைகளின் மேல் இறங்கி வந்திருக்க வேண்டும்.