கண்டிச் சீமையிலிருந்து நீலகிரிக்கு

அவைத் தலைவர் அவர்களே, கூடலூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் மலைப்பாதை கடந்து குன்னூருக்கு வந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரே, ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

குடியேற்ற வரலாற்றைப் பற்றிப் பேசுவதற்கு நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்த இந்த மலைக்கு, விஜயநகரப் பேரரசு வீழ்ந்ததை அடுத்த குழப்பக் காலத்தில் மைசூர்ச் சமவெளியிலிருந்து படகர் ஏறி வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். 1819இல் ஜான் சல்லிவன் வந்ததற்குப் பிறகு ஆங்கிலேயரும், அவர்களுடைய தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் உழைக்கச் சமவெளி மக்களும் வந்தார்கள். 1880களில் தங்கம் கிடைக்கும் என்ற ஆசை ஒரு கூட்டத்தைத் தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் இழுத்தது. பின்னர் திருவிதாங்கூர் விவசாயிகள் கூடலூர்ப் பக்கம் நிலம் தேடி வந்தார்கள். இவை ஒவ்வொன்றும் தனியே பேசத்தக்கவை. இன்று நான் பேச விரும்புவது கடைசியாக வந்தவர்களைப் பற்றி, அதாவது இலங்கையின் மலையகத்திலிருந்து வந்து நம் நடுவில் வாழும் தாயகம் திரும்பியோரைப் பற்றி மட்டுமே.

மொழியும் வழிபாடும் உணவும் ஒன்றாக இருந்துவிட்டால், வந்தவர்கள் தாமாகவே ஊரோடு ஒன்றிவிடுவார்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. இவர்களுடைய வரலாறு அதை மறுக்கிறது. கைக்குத் தெரிந்த தொழிலும், சொந்தப் பெயரில் ஒரு வீடும் கிடைக்கும்போதுதான் வந்தவர் ஊர்க்காரர் ஆகிறார். இவற்றுள் முதலாவதை நம் அரசு இந்த மலையில் கொடுத்தது. இரண்டாவது இன்னும் பாக்கி நிற்கிறது.

இவர்களுடைய முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ஆற்காடு பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகளின் கீழ், கண்டிச் சீமை என்று அழைக்கப்பட்ட இலங்கை மலைநாட்டுக்குப் போனவர்கள். முதலில் காப்பித் தோட்டங்களில் உழைத்தார்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறினார்கள். நான்கைந்து தலைமுறை கழிந்து இலங்கை விடுதலை பெற்றபோது, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளாக ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குரிமையே இல்லாமல் நின்றார்கள்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வதென்றும் வகுக்கப்பட்டது. 1974இல் அந்த எஞ்சியோரையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக் கொண்டார்கள். யாருடைய கணக்கு எழுதப்பட்டதோ அந்த மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது இந்தியாவைக் கேட்டவர்களைவிட இலங்கையைக் கேட்டவர்களே அதிகம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பிறந்த மண்ணில் வாழ விரும்பியவர்களை உடன்படிக்கையின் எண்கள் கப்பலேற்றின. தோட்டங்கள் அரசுடைமையான காலத்துக் குழப்பமும், 1970களின் முற்பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் பரவிய பட்டினியும், 1977இல் நடந்த வன்செயல்களும், தயங்கி நின்றவர்களையும் துறைமுகத்துக்குத் துரத்தின.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த முகாமில் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையை இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்கள் பலர் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். மடிப்புகள் கிழிந்து ஒட்டப்பட்டிருக்கும். குடும்பத் தலைவர் பெயரும், அவரோடு வந்தவர்களின் பெயரும் வயதும், எந்த மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார் என்பதும் அதில் இருக்கும். பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும்போதுகூட அந்த அட்டையை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. இந்தியக் குடிமக்களாகவே வந்திறங்கியவர்களை அகதி என்று அழைத்த ஊரில், தாங்கள் யார் என்பதை நிரூபிக்க அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

பெரும்பாலானோருக்கு வியாபாரக் கடன் என்ற திட்டமே ஒதுக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்தவரிடம் கொஞ்சம் கடனைக் கொடுத்து, முன்பின் பார்த்திராத சமவெளி ஊரில் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பாட்டன் ஊர் என்று தேடிப் போனால், அங்கே நிலமில்லை. உறவுக்காரர்களுக்கு முகமே தெரியவில்லை. கடன் பணம் இடைத்தரகர்களிடமும் வீட்டுச் செலவிலும் கரைந்தது. பிறகு ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்ல, குளிரும் தேயிலையும் பழகிய மலைகளை நோக்கி அவர்கள் ஏறி வந்தார்கள். ஏறி வந்த எல்லோருக்கும் நல்ல வேலை காத்திருக்கவில்லை. பழனி மலையில், கொடைக்கானலைச் சுற்றிய கூப்புகளில், அதாவது மரம் வெட்டக் குத்தகைக்கு விடப்பட்ட காட்டுப் பகுதிகளில், சீகை மரம் வெட்டிப் பட்டை உரித்த தாயகம் திரும்பிய குடும்பங்கள் கொத்தடிமைகளாக அகப்பட்டிருந்தது 1980களில் வெளிச்சத்துக்கு வந்தது. தமிழ் பேசும் முதலாளியிடம் தமிழ் பேசும் தொழிலாளி அடிமையாக இருந்தார் என்பதை, மொழி ஒன்றானால் போதும் என்று எண்ணுவோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீலகிரியில் நிலைமை மாறியதற்குக் காரணம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள். 1968இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருவெடுத்த நிறுவனத்தை நாம் டேன் டீ என்கிறோம். அதன் தலைமையகம் இதே குன்னூரில்தான் இருக்கிறது. சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி, சேரங்கோடு, நடுவட்டம், கோத்தகிரி என்று பல இடங்களில் தாயகம் திரும்பியோருக்காகவே தோட்டங்கள் எழுந்தன. அண்டை மாநிலங்களில் சுள்ளியாவிலும் புனலூரிலும் ரப்பர் தோட்டங்கள் இதே நோக்கத்தோடு அமைந்தன. ஆனால் ரப்பருக்குப் பால் வடிப்பதை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இங்கே அப்படி இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் விரல், கூடையின் கயிறு தலையில் பதியும் இடம், கவாத்து வெட்டும் கத்தியின் சாய்வு ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் நுவரெலியாவிலும் அட்டனிலும் பதுளையிலும் பழகியே வந்திருந்தார்கள். நட்டு முடிந்த தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் என்று இவர்களை எண்ணிவிடக் கூடாது. பல இடங்களில் குழி தோண்டியதும் நாற்று நட்டதும் இவர்கள்தான். வந்த ஊருக்கு இன்னதைச் செய்தேன் என்று கைநீட்டிக் காட்டுவதற்கு ஒரு மலைச்சரிவு இருப்பது, புதிதாக வந்த எவருக்கும் பெரிய பலம்.

அந்த மலைச்சரிவு வெறும் நிலமாகக் கிடந்ததல்ல என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். அது காடு. அதில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த காட்டுநாயக்கருக்கும் பெட்டக்குறும்பருக்கும், ஏற்கெனவே பிறருடைய வயல்களில் கூலிகளாகிவிட்டிருந்த பணியருக்கும், தேயிலை வந்தது தங்கள் இடம் மேலும் சுருங்கியதாகவே இருந்தது. கூடலூரில் பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த ஜன்ம நிலங்களின் சிக்கல், அந்த உடைமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் தீராமல் இழுத்துக்கொண்டே போவதால், ஆதிவாசி, மலையாளி விவசாயி, தாயகம் திரும்பியவர் என்று எல்லோரும் பட்டா இல்லாமல் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை நீடிக்கிறது. இலங்கையில் உரிமை பறிக்கப்பட்டவர்களுக்கு இங்கே இடம் கொடுத்த அரசு, இங்கே முன்பே இருந்தவர்களின் உரிமையைக் கேட்டறியாமல் அந்த இடத்தைக் கொடுத்தது. இரு தரப்பின் குறையையும் ஒரே மூச்சில் பேசுவதுதான் நேர்மை என்று நான் கருதுகிறேன். அவர்களை ஒருவருக்கு எதிராக ஒருவர் நிறுத்தும் பேச்சை எந்தக் கட்சி பேசினாலும் நாம் ஏற்கக் கூடாது.

இன்று மூன்றாம் தலைமுறை பள்ளிக்கூடத்தில் படகர் வீட்டுப் பிள்ளையோடும் மலையாளி வீட்டுப் பிள்ளையோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறது. கலப்புத் திருமணங்கள் நடக்கின்றன. உள்ளாட்சித் தேர்தலில் இவர்களுடைய வாக்குகளைக் கேட்டு வேட்பாளர்கள் வருகிறார்கள். படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பண்டிகைக்குத் திரும்பி வரும் அந்தப் பிள்ளைகளுக்கு வீடு என்று இருப்பது தோட்டத்தின் லைன் வீடு. அந்த வீடு வேலையோடு ஒட்டியது. தாயோ தகப்பனோ ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டியது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, அந்த வாசலிலேயே பிள்ளைகளுக்குத் திருமணம் முடித்த ஒரு பெண்மணி, ஓய்வூதியப் பலன் வேண்டுமானால் சாவியைக் கொடு என்ற நிலையில் நிற்கிறார். நட்டத்தைக் காரணம் காட்டித் தோட்டங்களின் ஒரு பகுதி மீண்டும் வனத்துறைக்குத் திருப்பப்படும் இந்தக் காலத்தில், அந்தக் கவலை இரட்டிப்பாகிறது. ஒருமுறை கடல் தாண்டி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு, இன்னொருமுறை எங்கே போவது என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே இந்த அவையின் சார்பில் நான் கேட்பது குறிப்பானது. ஓய்வு பெறும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நாளுக்கு முன்பே, இதே வட்டத்துக்குள் பட்டாவோடு கூடிய வீடு ஒப்படைக்கப்பட வேண்டும். அதற்கான இடத்தைத் தேர்வு செய்யும்போது, அந்தப் பகுதியின் ஆதிவாசிக் கிராமங்களின் கிராமசபை ஒப்புதல் பெறப்பட வேண்டும். மண்டபத்து அட்டை ஒன்றே போதும் என்று ஏற்று, பேரப்பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகம் தாமதமின்றி வழங்க வேண்டும். இந்த மூன்றையும் மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் கையெழுத்திட்டுச் செல்லுமாறு, தோட்டக் குடும்பங்களைப் போலவே குன்னூர் நகரத்தவரையும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.