ரயில் வராத ஊரில் ரிச்சர்ட்சன் நூலகம்!

வணக்கம் மக்களே! பாஸ்டனில் டிரினிட்டி சர்ச்சை வடிவமைத்த கட்டிடக் கலைஞர் ரிச்சர்ட்சனைப் பற்றி அந்த வீடியோவில் நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்று உங்களுக்கே தெரியும். அதே மனிதர் வரைந்த ஏம்ஸ் நூலகத்தை இன்றைக்கு நேரில் பார்த்துவிட்டேன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நார்த் ஈஸ்டன் என்ற சின்ன ஊரில்.

முதலில் டாக்சி விஷயம், மனசே ஆறவில்லை. பாஸ்டனிலிருந்து ஸ்டோட்டன் வரைதான் ரயில், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஆப்பில் 18 டாலர் காட்டியது. ஓட்டுநர் இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு ரத்து! மறுபடி போட்டால் 31. அதே தூரம், அதே மழை, 13 டாலர் எதற்கு ஏறியது? இத்தனைக்கும் நார்த் ஈஸ்டனில் ரிச்சர்ட்சன் வரைந்த ரயில் நிலையமே இருக்கிறது. ரயில்தான் நின்றுபோய்விட்டது, கட்டிடம் இப்போது ஊர் வரலாற்றுச் சங்கத்திடம்.

சரி, நூலகத்துக்கு வருவோம். ஏம்ஸ் குடும்பம் மண்வாரி செய்து விற்றே பெரும் பணக்காரர்கள் ஆனவர்கள். அவர்களில் ஆலிவர் ஏம்ஸ் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தவர். 1877-இல் அவர் இறந்தபோது ஊருக்கு நூலகம் கட்ட உயிலில் 50,000 டாலர் எழுதி வைத்திருந்தார். 1879-இல் கட்டி முடித்துவிட்டார்கள், ஆனால் கதவு திறந்தது 1883-இல்தான்!

எனக்கு இந்தக் கட்டிடத்தில் ரொம்பப் பிடித்தது, வெளியே நின்று பார்த்தாலே உள்ளே எது எங்கே என்று தெரிந்துவிடும். புத்தகங்கள் இருக்கும் பக்கச் சிறகைப் பாருங்கள், ஜன்னல்கள் எல்லாம் கூரைக்குக் கீழே ஒரே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதற்குக் கீழே வெறும் கல் சுவர். ஏன் என்றால் உள்ளே அந்தச் சுவரை ஒட்டித்தான் புத்தக அலமாரிகள், வெளிச்சம் அவற்றுக்கு மேலே இருந்து வந்தால் போதும். கோபுரம் போல நிற்கிறதே, அது மாடிப்படி. வாசலுக்கு ஒரே ஒரு பெரிய வளைவு, அதுவும் நடுவில் இல்லை. விக்டோரியா காலம் என்றாலே எல்லா இடத்திலும் பூ வேலையை அப்புவார்கள், எனக்கு ஆகவே ஆகாது. இங்கே கல்லே போதும் என்று விட்டிருக்கிறார்.

அட, கல்லைச் சொல்லவே இல்லையே! சுவர் மில்ஃபோர்ட் கிரானைட், ஓரங்களிலும் வளைவிலும் லாங்மெடோ செம்பழுப்பு மணற்கல். மழையில் நனைந்ததும் அந்தச் சிவப்பு அப்படியே ஏறித் தெரிந்தது.

உள்ளே பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தது போல மரக் கூரை, இரண்டு பக்கமும் அலமாரி அறைகள் இரண்டு அடுக்காக. அந்தக் காலத்து நூலகர்கள் பலருக்கு இந்த அமைப்பே பிடிக்காது. மேல் அடுக்கில் சூடு தேங்கி புத்தகக் கட்டு கெடுகிறது, எடுக்க ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று வில்லியம் பூல் என்ற நூலகர் கடுமையாக எதிர்த்தார். வேலை செய்கிறவர்கள் கஷ்டம் நியாயம்தான். ஆனாலும் அந்த அறையில் நின்றால் இடித்துவிடலாம் என்று யாருக்கும் மனசு வராது.

அப்புறம் கணப்பு! கட்டிடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் வரைந்தது, அதில் ஆலிவர் ஏம்ஸின் முகம் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது, செய்தவர் சிற்பி செயின்ட்-கௌடன்ஸ். இப்படிப்பட்ட ஆட்கள் ஒரு மண்வாரி ஊருக்கு வேலை செய்திருக்கிறார்கள்!

பின்புறம் 1931-இல் சேர்த்த குழந்தைகள் பகுதியைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். அதற்கு முன்னால் எதைப் பற்றி வீடியோ போடட்டும், ரிச்சர்ட்சனின் குவின்சி நூலகமா, மால்டன் நூலகமா, கமெண்டில் சொல்லுங்கள். என் ஓட்டு குவின்சிக்கு.