மேயர் தேர்தலில் தோற்றவர் காலி பாட்டில் தொழிலுக்குப் போனார்! ஓரிகனில் நடந்தது என்ன?

வணக்கம் நண்பர்களே! 2011-ல் ஒரு சட்டமன்றம் வித்தியாசமான ஒரு சட்டம் போட்டது. விற்ற பாட்டில், கேன்களில் 80 சதவீதமாவது காலியாகத் திரும்பி வரவேண்டும், தொடர்ந்து இரண்டு வருஷம் அதற்குக் கீழே போனால் ஐந்து சென்ட் டெபாசிட் (வாங்கும்போது கூடுதலாகக் கட்டி, காலியைத் திருப்பித் தந்தால் திரும்பக் கிடைக்கிற பணம்) பத்து சென்ட் ஆகிவிடும், மறுபடி யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தச் சபையில் உறுப்பினராக இருந்த ஒருவர், சில வருஷம் கழித்து அதே காலி பாட்டில்களைச் சேகரிக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் அதன் தலைவராகவே ஆனார். அவர் பெயர் ஜூல்ஸ் பெய்லி, இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட்லேண்ட்காரர், ஜனநாயகக் கட்சி, பொருளாதார நிபுணர். 2009-லிருந்து சட்டமன்றம், பிறகு மல்ட்னோமா கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கமிஷனர், 2016 போர்ட்லேண்ட் மேயர் தேர்தலில் டெட் வீலரிடம் தோல்வி. அதற்கப்புறம் போன இடம்தான் ஓபிஆர்சி, அதாவது ஓரிகன் பானப் பாட்டில் மறுசுழற்சிக் கூட்டுறவு. இது அரசு நிறுவனம் இல்லை. குளிர்பானம், பீர் விநியோகம் செய்கிற கம்பெனிகள் சேர்ந்து நடத்துகிற அமைப்பு.

சரி, ஓரிகனில் முதன்முதலில் பாட்டில் டெபாசிட் சட்டம் பிறந்த கதையைக் கேளுங்கள், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதியே இதுதான். மரத்தொழில் இயந்திரங்கள் விற்கிற ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்ற விற்பனையாளருக்கு ஓரிகன் கடற்கரையில் நடப்பதில் பெரிய ஆசை, நடக்கிற இடமெல்லாம் பாட்டிலும் கேனுமாகக் கிடப்பதைப் பார்த்து அவரே பொறுக்கிக்கொண்டு வருவார். 1968-ல், பக்கத்து நாடான கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் திரும்ப வாங்கப்படாத பாட்டில்களுக்குத் தடை கொண்டுவர யோசிக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்ததும், நேராக பால் ஹான்னமன் என்ற சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்தார். 1969-ல் மசோதா தோற்றது. கம்பெனிகளின் எதிர்ப்பு அப்படி! மனிதர் விடவில்லை. 1971-ல் மசோதா ஜெயித்தது, கவர்னர் டாம் மெக்கால் கையெழுத்துப் போட்டார், 1972 அக்டோபர் 1 முதல் நடைமுறை. அமெரிக்காவிலேயே முதல் பாட்டில் டெபாசிட் சட்டம் இது. சேம்பர்ஸ் தன் பெயர் வெளியே வரவேண்டும் என்று நினைக்கவே இல்லை, 1974-ல் இறந்தும் போனார். ஆனால் அவர் மகள் விக்கி பெர்கர் பிற்பாடு குடியரசுக் கட்சி உறுப்பினராக அதே சட்டமன்றத்துக்கு வந்தார், நான் ஆரம்பத்தில் சொன்ன 2011 சட்டத்துக்கு முன்னின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அப்பா ஆரம்பித்ததை மகள் தூக்கி நிறுத்தியிருக்கிறார், எவ்வளவு பெரிய விஷயம்!

இப்போது 2017 ஏப்ரல் 1. திரும்பி வருவது 64 சதவீதத்துக்கு இறங்கியிருந்ததால் டெபாசிட் பத்து சென்ட் ஆனது. 2018-ல் 81 சதவீதம்!

காசு மட்டும் காரணம் இல்லை, வசதியும் காரணம். ஓபிஆர்சியில் பாட்டில்டிராப் என்ற கணக்கு ஒன்று தொடங்குகிறீர்கள். (திரையில்: பச்சைப் பை) இந்தப் பச்சைப் பையில் காலிகளைப் போட்டு, உங்கள் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டி, கடை ஓரத்தில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அவர்கள் எண்ணிப் பணத்தைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். மெஷின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் செருகுகிற வேலையே இல்லை. தொண்டு நிறுவனங்களுக்கு நீலப் பை, அந்தப் பணம் அவர்களுக்குப் போகும். நம்ம டாஸ்மாக்கில் நீலகிரியில் 2022-ல் ஆரம்பித்த பத்து ரூபாய் பாட்டில் திட்டமும் இதே டெபாசிட் முறைதான், ஆனால் இப்படி ஒரு பையும் கணக்கும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

இன்னொரு லாபமும் உண்டு. 2018-ல் சீனா வெளிநாட்டுக் குப்பையை வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியபோது அமெரிக்க ஊர்கள் பல திண்டாடின. தனியாகப் பிரித்து வரும் டெபாசிட் பாட்டில் சுத்தமாக இருக்கும், அதனால் உள்ளூரிலேயே அதற்குக் கிராக்கி. அதே வருஷம் கழுவித் திரும்ப நிரப்புகிற பீர் பாட்டிலையும் ஓபிஆர்சி கொண்டுவந்தது. உருக்குவதை விடக் கழுவுவது எவ்வளவோ மேல், இதற்கு நான் இரண்டு கையும் தூக்குவேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. யாரும் திருப்பித் தராத பாட்டிலின் டெபாசிட் யாருக்குப் போகும்? ஓரிகனில் அந்தப் பணம் விநியோகக் கம்பெனிகளிடமே தங்கும், அதை வைத்துத்தான் இந்த ஏற்பாடே ஓடுகிறது. அதாவது பாட்டில் குறைவாகத் திரும்பினால் அவர்கள் கையில் அதிகப் பணம். இதே பத்து சென்ட் வாங்குகிற மிச்சிகனில் அதில் 75 சதவீதம் அரசுக்கு, மீதி கடைக்காரர்களுக்கு. சட்டசபையில் இருந்த ஒருவர் தொழில்துறை பக்கம் போனால் மக்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். பெய்லியின் நிறுவனம் வேலையை நன்றாகச் செய்திருக்கிறது என்றுதான் நான் சொல்வேன், அதற்காகக் கேள்வி கேட்பதை நிறுத்த முடியாது. என் கருத்து, அந்தப் பணத்தில் ஒரு பங்காவது பொதுக் கணக்குக்கு வரவேண்டும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கமெண்டில் எழுதுங்கள், நான் படித்துப் பதில் போடுகிறேன்.