பி.ஏ. வரலாறு எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு

(அரசுக் கலைக்கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு வரலாற்று மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் காமர்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ கிடைக்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள். கலந்தாய்வில் கடைசி வரை காத்திருந்து, "ஹிஸ்டரிதான் இருக்கு, எடுத்துக்கிறியா?" என்று கேட்டதும் தலையாட்டியவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், அப்படித் தலையாட்டி வந்த பிள்ளைகள்தான் மூன்றாம் ஆண்டில் என்னைக் கேள்வி கேட்டுத் திணறடித்தார்கள். ஆனால் முதல் செமஸ்டரிலேயே ஒரு ஆபத்து காத்திருக்கிறது. சீனியர் ஒருவர் கைடு ஒன்றைக் கையில் கொடுத்து, இந்தப் பத்துக் கேள்வியைப் படி, பாஸ் என்பார். பாஸ் ஆகிவிடலாம். மூன்று வருடம் போனது போனதுதான்.

குடவோலை முறையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பானை, ஓலை, சோழர் காலத் தேர்தல், இரண்டு மார்க். சரி, அந்தக் கல்வெட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போவோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள், ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு நிற்பவருக்கு வயது 30-க்கு மேல், 60-க்குள் இருக்க வேண்டும் என்கிறது முதல் கல்வெட்டு. இரண்டே வருடத்தில் அது 35-க்கு மேல், 70-க்குள் என்று மாறுகிறது. ஏன் மாற்றினார்கள்? கல்வெட்டைப் படிக்கிற பிள்ளைக்கு முதலில் இந்தக் கேள்விதான் வர வேண்டும்.

ஓலையை எடுக்கிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, பெயர் எழுதிய ஓலைகள் கிடக்கும் பானையிலிருந்து அவன் கையால் ஒரு ஓலையை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், பிறகு சபை கேட்க உரக்க வாசிக்க வேண்டும். ஐந்து விரலையும் ஏன் விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைத்துவிடக் கூடாதே! அப்படி ஒருவன் முன்னால் செய்திருக்கலாம், இல்லை, செய்வான் என்று பயந்திருக்கலாம். எழுதாத ஒரு திருட்டு அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்கிறது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்களும், அத்தை மாமன் மக்களும்கூட நிற்கக் கூடாது என்று உறவுமுறையை ஒவ்வொன்றாகச் சொல்லி அடைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் என்று மேடையில் பேசுகிறார்கள். பெருமைப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் வரலாற்று மாணவர் அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு (வேலி என்பது ஒரு நில அளவு) மேல் வரி கட்டுகிற நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவர் பெயர்தான் அந்தப் பானைக்குள் போகும். அந்த நிலத்தை உழுதவர் பெயர் போகாது. பெண் பெயர் போகாது. இரண்டு உண்மையையும் சேர்த்துச் சொல்லத் துணிவு வேண்டும், அந்தத் துணிவை வேறு எந்தப் பாடமும் இந்த அளவுக்குப் பழக்காது என்று நினைக்கிறேன்.

ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டு படித்தவர் நொபொரு கராஷிமா. திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டு, சோழர் காலத்தில் அங்கே நிலத்தை யார் விற்றார், யார் வாங்கினார் என்று வரிவரியாகப் பார்த்தார். பிரம்மதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களிடம் இருந்தது, அல்லூரில் ஊரார் சேர்ந்து வைத்திருந்தார்கள். நம் கோயில் சுவரில் இருந்த வரிகள்தான். நாம் பிரகாரம் சுற்றிவிட்டு வந்துவிடுகிறோம்.

அப்புறம் வேலை. பெற்றோர் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு இந்தப் படிப்பு நேராக உதவும். பி.எட். முடித்தால் ஆசிரியர் ஆகலாம். கல்வெட்டில் ஆசை வந்தால் மாநிலத் தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. எதற்குப் போனாலும் போட்டி கடுமைதான், அதை மறைக்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண், பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். முத்திரைத்தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது, கடைசியில் ஒரு கைநாட்டு, மை இன்னும் நீலமாக. நான்கெல்லை சொல்கிற இடத்தில் "வடக்கே வாய்க்கால்" என்று இருந்தது. "எங்க தெருவுல வாய்க்காலே கிடையாதே சார்" என்றாள். போய் விசாரித்துவிட்டு வா என்றேன். வயதானவர்கள் நாலு பேரிடம் கேட்டு, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து பார்த்திருக்கிறாள். வாய்க்கால் இருந்த இடத்தில் தார் ரோடு. மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் ஏன் நிற்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாமல் இருந்தது, அவள்தான் முதலில் சொன்னாள்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஏதாவது இருக்கும். பட்டா, ரேஷன் கார்டு, தாத்தாவின் பர்மா கடிதம், எதுவானாலும் சரி. அடுத்த வாரம் உங்கள் பேராசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அசல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.