சுவரும் சித்திரமும்

(தங்கச்சிமடத்தில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்க நிர்வாகிகளே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த தலைமையாசிரியர் அவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

சித்திரக்கதை படத்தால், குறியால், வண்ணத்தால் எப்படிப் பேசுகிறது என்று மூன்றையும் சொல்லத்தான் வந்தேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். நம் சீமையில் அந்தச் சுவர் எப்போதோ எழும்பிவிட்டது. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்து பாருங்கள். ராமாயணமும் சேதுபதியின் போரும் சுவரெங்கும் கதையாக ஓடுகின்றன. அப்புறம் 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

எங்கள் தெருவில் ஓர் அப்பத்தா. கருவாடு காயப்போடுகிறவர், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ஒருநாள் பேரனின் சித்திரக்கதையை வாங்கிப் புரட்டினார். “என்ன புரியுது அப்பத்தா?” என்றேன். ஒரு கட்டத்தைத் தொட்டார். “இவன் வாய்விட்டுப் பேசுறான். எழுத்து இருக்கிற கூட்டுக்கு வால் இருக்கு, அது இவன் வாயைக் காட்டுது. அந்தா, அவன் பேசல. மேகம் மாதிரி இருக்கு, கீழே குட்டிக் குட்டி வட்டம். மனசுக்குள்ள நினைக்கிறான்.” எனக்குப் பேச்சே வரவில்லை. பக்கத்தைத் திருப்பினார். ஒரு கட்டத்தில் படகுக்கு மேல் அலை எழும்பி நிற்கிறது. அடுத்த கட்டத்தில் தண்ணீரில் துடுப்பு மட்டும் மிதக்கிறது. “ஐயோ, கவுந்துருச்சே!” என்று மார்பில் அடித்துக்கொண்டார். படகு கவிழ்வதை ஓவியர் வரையவே இல்லை ஐயா! இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் அப்பத்தாவே கவிழ்த்துவிட்டார். சித்திரக்கதையின் மொத்த வித்தையும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதோடு விட்டாரா? படத்திலிருந்த படகோட்டியைப் பிடித்து ஒரு ஏசு: “கூண்டு ஏத்துனப்புறம் எவன்டா உன்னைக் கடலுக்குப் போகச் சொன்னது?”

அந்தக் கூண்டுக்கு வருகிறேன். பாம்பன் துறைமுகக் கொடிமரத்தில் ஏறுகிற புயல் கூண்டும் படமொழிதான். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கு. ஒன்றாம் எண் என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, இரண்டு என்றால் அங்கே புயலே உருவாகிவிட்டது, மூன்று என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். இப்படிப் பதினொன்று வரை போகிறது. பதினொன்று, தகவல் தொடர்பு அறுந்துபோனதைச் சொல்வது. முதல் மூன்றுக்கு அப்பால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வண்ணத்தைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். இன்று எனக்குச் சுவர்தான் வேண்டும். மீன் இறங்குதளத்தில் ஏலக்கூடத்தின் நீளச் சுவர் சுண்ணாம்போடு சும்மா நிற்கிறது. அதில் கட்டம் கட்டமாகக் கூண்டுக் கதையை எழுத வேண்டும். எந்தக் கூண்டுக்குப் படகைக் கரையேற்றுவது, உயிர்காப்பு உடையின் வார்களை எப்படி இறுக்குவது, எல்லாம் படத்தில் வரட்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம். சுவர் இருக்கிறது, வரையப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அனுமதி ஒன்றுதான் பாக்கி. தலைவர் அம்மா மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன். வாசல் மேசையில் மனு இருக்கிறது. படகுக்காரர்களும் தாய்மார்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.